வருடத்துக்கு ஒரு சாவு

வாடிக்கையாளரைத் தெய்வம் என்று சொல்வது வங்கிகளின் வழக்கம். தெய்வத்தைப் போலவே அவரையும் ஓர் இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, அவர் சார்பில் எல்லா முடிவுகளையும் தாங்களே எடுத்துக்கொள்வார்கள் என்பது அதன் பொருள். டிரைவிங் மாஸ்டருக்கு இந்தப் பொருள் விளங்கியது கைப்பேசிக்கு வந்த ஒரு வாழ்த்துச் செய்தியால்.

செய்தி வந்தபோது அவர் ஒரு பல் டாக்டருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சி வண்டிகளில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்தே காலம் தள்ளியவர் என்பதால் அவருடைய வலது கால் அவருக்கே கட்டுப்படாமல் போயிருந்தது. யாராவது மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால் அந்தக் கால் தரையை அழுத்தும். விருந்து வீட்டில் யாராவது மைக்கைப் பிடித்து நிறுத்தாமல் பேசினால் அழுத்தும். அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து, இரண்டு விளக்குக் கம்பங்களைச் சாய்த்து, கடைசிவரை ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் அவரையே கட்டிக்கொண்டவள் அவர் மனைவி. தூக்கத்திலும் அவர் கால் அழுத்துவதாக அவள் சொல்வாள்.

செய்தி இதுதான்: "வாழ்த்துகள்! உங்கள் தொடர்செலவுகளை எங்கள் கற்கும் இயந்திரம் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. அவற்றுக்கான பணத்தை உங்கள் கணக்கிலேயே ஒதுக்கி வைத்துவிட்டோம். இனி நீங்கள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை." அதன் கீழே வீட்டு வாடகை இருந்தது, மின்சாரம் இருந்தது, மனைவியின் மாத்திரைகள் இருந்தன. எல்லாம் நியாயம்தான். கடைசி வரியில் இப்படி இருந்தது: "இறுதி ஊர்வலச் சேவை. ஆண்டுக்கு ஒருமுறை. நவம்பர்."

இயந்திரத்தையும் சும்மா குறை சொல்லக் கூடாது. முந்தைய மூன்று வருடங்களில், முதல் நவம்பரில் மாஸ்டரின் அப்பா போனார். அடுத்த நவம்பரில் மாமியார் போனார். அதற்கடுத்த நவம்பரில், கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று பெயரெடுத்த அண்ணன், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், திரும்பி வரவில்லை. மூன்று பேரையும் அனுப்பி வைத்தது ஒரே கம்பெனி. பணம் போனது ஒரே கணக்கிலிருந்து. குடும்பத்தில் பணம் இருந்த கணக்கு அது ஒன்றுதான்.

அன்று மாலை மனைவி செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். இதய வால்வு ஒன்று பழுதாகியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"ஏங்க, நம்ம வீட்ல மிச்சம் இருக்கறதே ரெண்டு பேரு. யாருக்குன்னு போடலையா?"

"விளையாடாத. ஏதோ தப்பா வந்திருக்கு."

"தப்போ சரியோ, நமக்காக எடுத்து வெக்கிறதுக்கு ஒருத்தராவது இருக்காங்களே. உங்க தங்கச்சி ஒரு கிலோ ஆரஞ்சுகூட வாங்கிட்டு வரலை."

வால்வை மாற்றியே ஆக வேண்டும், வருடக் கடைசி தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நவம்பர் முதல் வாரத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டினால்தான் மேஜையில் ஏற்றுவார்கள். மாஸ்டர் சேமித்ததையும், முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தையும், அவள் வளையல்களை விற்றதையும் அந்தக் கணக்கில்தான் போட்டு வைத்திருந்தார். எல்லாம் சேர்ந்து சரியாக இருந்தது. சரியாக என்றால், ஒரு டீ குடித்தாலும் குறைந்துவிடும் என்கிற மாதிரி.

மறுநாள் மருத்துவமனையில் பணம் கட்டப் போனார். காசாளர் அட்டையைத் தேய்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போதுமான இருப்பு இல்லைன்னு வருது."

"இருக்குதுங்க. இதோ பாருங்க, போன்ல காட்டுது."

காசாளர் பார்த்தார். "இருக்கு சார். ஆனா எடுக்க முடியாது. ஏதோ இறுதி ஊர்வலம்னு போட்டு ஒதுக்கியிருக்கே." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்லயா? எப்போ?"

குறைகிற தொகையை வேறு யாரிடமாவது புரட்டலாமே என்று கேட்பீர்கள். கேட்டால் தரக்கூடியவர்கள் மாஸ்டருக்கு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களைத்தான் அந்த மூன்று நவம்பர்களில் வழியனுப்பியிருந்தார்.

வங்கியின் மேல்மாடியில் தொடர்செலவுப் பிரிவு இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூசி ஆகாதாம். சுவர் நடுவே ஒரு பெரிய திரை, கற்கும் இயந்திரத்தின் முகம். அதைக் கடந்து போகும்போது சிப்பந்திகள் லேசாகக் குனிந்து போனார்கள். திரைக்கு அங்கே பெயர் கணிப்பாளர். "கணிப்பாளர் பார்த்துட்டார்", "கணிப்பாளர் ஒத்துக்கலை" என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். வாடிக்கையாளர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும், "அந்தச் சேமிப்புக் கணக்கு வந்து நிக்குது, உக்காரச் சொல்லு" என்றார்கள்.

மாஸ்டர் உட்கார்ந்தார். எதிரே பிரிவு அதிகாரி. முகத்தில் அப்படி ஒரு கனிவு. கன்னத்தில் அறைந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வரத் தோன்றும்.

"சார், உங்க கணக்கை நான் பெருமையா எல்லார்கிட்டயும் காட்டுவேன்" என்றார் அதிகாரி. "ஒரே மாசம், ஒரே கம்பெனி. தொகைகூட வருஷா வருஷம் விலைவாசிக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. இதைவிட ஒழுங்கான செலவு எங்க கிளையிலயே கிடையாது. உங்க வாடகையாவது ரெண்டு தடவை லேட்டாயிருக்கு. சாவு லேட்டானதே இல்லை."

"அது தற்செயலா நடந்ததுங்க."

"தற்செயல்னு போடறதுக்குத் திரையில இடமே இல்லையே சார்."

"வீட்ல இப்ப நானும் என் சம்சாரமும் மட்டும்தாங்க."

அதிகாரி ஆர்வமாகத் தட்டச்சு செய்தார். "நல்லதாப் போச்சு. ரெண்டு பேருன்னா பாதிக்குப் பாதி. போன வருஷத்தைவிடத் துல்லியம் கூடுது."

மாஸ்டரின் கால் மேஜைக்கு அடியில் தரையை அழுத்தியது. "சார், அவளுக்கு ஆபரேஷன். இந்தப் பணம் வரலேன்னா ஆபரேஷன் நடக்காது. நடக்கலேன்னா அவ செத்துடுவா."

அதிகாரி திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "அப்போ கணிப்பாளர் சொன்னது சரிதானே சார்?"

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அதிகாரியோ தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே விளக்கினார்: "நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது. இப்ப நான் மனசு இளகிப் பணத்தை விட்டுட்டேன்னு வைங்க. நாளைக்கு அந்தச் சமயம் வரும்போது செலவுக்கு எங்க போவீங்க? நடுவீட்ல வெச்சுக்கிட்டு நாலு பேர்கிட்ட கையேந்துவீங்களா? உங்க மானம் எங்க பொறுப்பு சார்."

"ஆபரேஷனும் செலவுதானுங்களே. அதுக்கு ஒதுக்கக் கூடாதா?"

"அது ஒருதடவைச் செலவு. ஒருதடவைச் செலவு கணிப்பாளர் கண்ணுக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப வரணும். உங்க மனைவிக்கு இதே ஆபரேஷனை இதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை பண்ணியிருந்தீங்கன்னா, நீங்க கேக்கவே வேண்டாம், தானா ஒதுக்கியிருப்பார். முன்யோசனை இல்லாம இருந்துட்டீங்க."

ஆனாலும் வழி இருந்தது. வங்கியில் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. போய்ச் சேரும் இடம்தான் இருக்காது. எந்தச் சேவைக்காகப் பணம் ஒதுக்கியிருக்கிறதோ, அந்தக் கம்பெனியே எழுதித் தர வேண்டுமாம்: இந்த வருடம் இந்த வாடிக்கையாளர் வீட்டில் எங்கள் சேவை தேவைப்படாது என்று.

மாஸ்டர் இறுதி ஊர்வலக் கம்பெனிக்கு ஓடினார். கம்பெனிக்காரர் வெள்ளைச் சட்டையும் பஞ்சு போன்ற குரலும் கொண்டவர். ஒரு சவப்பெட்டியின் மூடிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவர், மாஸ்டரைக் கண்டதும் துணியை உதறிவிட்டு எழுந்து வந்தார்.

"வாங்கண்ணே, வாங்க! நானே வரலாம்னு இருந்தேன். பேங்க்ல இருந்து முன்கூட்டியே தகவல் குடுத்துட்டாங்க. உங்களுக்காகத்தான் இந்தப் பெட்டியைத் தனியா எடுத்து வெச்சேன். உயரம் மட்டும் தெரிஞ்சா போதும். உங்க உயரமாண்ணே, அண்ணி உயரமா?"

மாஸ்டர் அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்கக் கம்பெனிக்காரர் முகம் சுருங்கியது. சாவு வீட்டில் பிழைப்பவர்தான். ஆனால் சாகாத வீட்டில் பிழைக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அண்ணே, இன்னார் சாகமாட்டாங்கன்னு எழுதிக் குடுக்கறது எங்க தொழில்ல யாரும் செய்யாத வேலை. இருந்தாலும் அண்ணிக்காக எழுதறேன்." கம்பெனியின் தாளில் எழுதினார், முத்திரை குத்தினார். தாளுக்கும் முத்திரைக்கும் கம்பெனியில் ஒரு சின்னக் கட்டணம் இருந்தது. அதை வாங்காமல் விட்டால் கணக்குப் பிள்ளை தன்னைத் தின்றுவிடுவார் என்று வெட்கத்தோடு சொன்னார். மாஸ்டர் சட்டைப்பையைத் தடவினார். காசில்லை. கைப்பேசியை எடுத்து, கணக்கிலிருந்தே கட்டினார்.

அந்த ஒரு தட்டலில்தான் எல்லாம் முடிந்துபோனது. அது அவருக்கு அப்போது தெரியாது.

மறுநாள் மேல்மாடியில் அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். மாஸ்டர் கடிதத்தை நீட்டினார். அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை.

"கடிதம் எதுக்கு சார்? நேத்து நீங்களே அட்வான்ஸ் கட்டிட்டீங்களே!"

"அட்வான்ஸா?"

"இதோ. அதே கம்பெனி, அதே கணக்கு, செலவு மாசத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. இதுவரைக்கும் கணிப்பாளருக்கு ஒரு மூலையில சந்தேகம் இருந்துச்சு. நேத்து சாயங்காலத்தோட அது தீர்ந்துடுச்சு. உறுதியாயிட்டார்."

"அது முத்திரைக்குக் குடுத்த காசுங்க! யாரும் சாகமாட்டாங்கன்னு எழுதினதுக்குக் குடுத்த காசு!"

"காரணம் பாக்க மாட்டார் சார். பணம் போற திசையைத்தான் பாப்பார். மனுஷன் வாயால ஆயிரம் சொல்வான். பணம் பொய் சொல்லாது. இது எங்க பயிற்சியில முதல் பாடம்."

மாஸ்டர் அழுதார். கூடத்தில் இருந்த எல்லாரும் பார்க்க அழுதார். அதிகாரி காகிதக் கைக்குட்டை கொடுத்தார், தோளைத் தட்டினார், ஒரு கடன் விண்ணப்பமும் கொடுத்தார். கடன் வாங்கி ஆபரேஷனை முடித்துக்கொள்ளலாமே என்றார். கடனையும் கணிப்பாளர்தான் பார்த்தார். பார்த்த உடனேயே பதில் வந்துவிட்டது: வருடந்தோறும் இறுதி ஊர்வலச் செலவு செய்யும் குடும்பத்துக்குக் கடன் கொடுப்பது ஆபத்து, திருப்பிக் கட்ட ஆள் மிஞ்சாது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே குழிக்கு முன்பணமும் குதிரையே வாங்கி வைத்துக்கொண்டது.

தேதி வந்தது. மருத்துவமனை ஒரு நாள் காத்திருந்தது. பிறகு அந்த இடத்தைப் பணம் கட்டியிருந்த வேறொருவருக்குக் கொடுத்தது. மருத்துவமனையின் மேலும் தப்பில்லை. இந்தக் கதையில் யார் மேலும் தப்பில்லை, அதுதான் இதன் விசேஷம்.

பொது வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது. மூக்கில் குழாயோடு மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. மாஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, முதலாளி தருவதாகச் சொல்லியிருக்கிறார், பல் டாக்டரும் பார்க்கலாம் என்றிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள். "காலை எடுங்க."

"எங்க?"

"கட்டில் கம்பியை அழுத்திக்கிட்டே இருக்கீங்க. கட்டிலே ஆடுது."

காலை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கால் தானாக மறுபடி அங்கே போயிற்று. அவள் பார்த்தாள்.

"சரி, வெச்சுக்கங்க" என்றாள். "அன்னிக்கு முதல் கம்பத்துல இடிக்கப் போனப்பவும் நீங்க மிதிச்சீங்க. ஆனா லேட்டா மிதிச்சீங்க. என்னையவே பாத்துட்டு இருந்தீங்க."

"பொய் சொல்லாத. நீ ஆக்சிலேட்டரை விடலை."

"ஆமா, நான் விடலை." அவள் சிரிக்கப் பார்த்தாள். மூச்சு வரவில்லை. கையால் அவர் முழங்காலைத் தட்டினாள். அவருக்கு வங்கியின் மேல்மாடியைப் போய்க் கொளுத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் எதையும் கொளுத்தக்கூடிய ஆள் இல்லை. பிரேக் போடத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, நவம்பரிலேயே, அவள் போய்விட்டாள்.

கம்பெனிக்காரர் வந்தார். உயரத்தை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே அளந்தார். ஊர்வலம் தெருமுனையைத் திரும்பும்போது மாஸ்டரின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. "உங்கள் ஆண்டுச் செலவு உரிய காலத்தில் செலுத்தப்பட்டது. நீங்கள் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா?" அதன் கீழே ஐந்து நட்சத்திரங்கள், தொட்டுக் காட்டுவதற்காக.

ஒரு மாதம் கழித்து வங்கியில் விழா வைத்தார்கள். கணிப்பாளருக்கு ஏதோ பெரிய விருது கிடைத்திருந்தது. மாஸ்டரை அழைத்துவர அதிகாரியே காரில் வந்தார். மாஸ்டர் மறுக்கவில்லை. மேடையில் மைக் கொடுப்பார்கள், வங்கித் தலைவர் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். அவளுக்காக அதையாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

திரைக்கு மாலை போட்டிருந்தார்கள். தலைவர் எழுந்தார். பேச்சில் மனிதருக்குக் கண்ணே கலங்கியது.

"நம்மளை இதயம் இல்லாதவங்கன்னு வெளியில சொல்றாங்க. இதோ உக்காந்திருக்காரே, இந்த மாஸ்டர், நம்மகிட்ட வந்து சண்டை போட்டார். கெஞ்சினார். அழுதார்னுகூடக் கேள்விப்பட்டேன். யாரும் சாகமாட்டாங்கன்னு முத்திரையோட கடிதம் கொண்டாந்தார்! நம்ம ஆளுங்க அசைஞ்சாங்களா? இல்லை. அசைஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? அந்தம்மா பிழைச்சிருப்பாங்க. கணிப்பு பொய்யாயிருக்கும். ஒரு கணிப்பு பொய்யானா லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களோட நம்பிக்கை என்ன ஆகும்? அந்தப் பொறுப்பு நமக்கு இருக்குல்ல?"

கைத்தட்டல் ஓய நேரமாயிற்று. மாஸ்டரைக் கூப்பிட்டு, ஒரு பூங்கொத்தும், பெரிய ஓட்டலில் இருவர் சாப்பிடுவதற்கான கூப்பனும் கொடுத்தார்கள். பிறகு மைக்கைக் கொடுத்தார்கள்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நினைத்து வந்த எதுவும் வாயில் வரவில்லை. தெரிந்த தொழில்தான் வந்தது.

"ஓட்டத் தெரியாதவங்க கையில வண்டியைக் குடுக்கறப்ப, பக்கத்து சீட்லயும் ஒரு பிரேக் வெச்சிருப்போம்" என்றார். "உங்க வண்டியில என் பக்கம் ஒரு பிரேக்கும் இல்லையேங்க?"

கூடத்தில் எல்லாரும் தலைவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததால் கூடமே சிரித்தது. "பிரேக் எதுக்கு மாஸ்டர்? அதான் வண்டி நேரா போய்ச் சேந்துடுச்சே!"

கீழே இறங்கியதும் அதிகாரி அவரை ஓரமாக அழைத்துப்போனார். கனிவு முன்னைவிடக் கூடியிருந்தது.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி சார். அடுத்த நவம்பருக்கும் ஒதுக்கியாச்சு. இப்ப வீட்ல ஒருத்தர்தானே, அதனால கணிப்பாளருக்குக் குழப்பமே இல்லை. அதைவிட முக்கியம், அதுக்கப்புறம் இந்தச் செலவு உங்க கணக்குல வரவே வராதுன்னு காட்டுறார். ஆயுசுக்கும் சேமிப்புதான்." அவர் பேனாவைத் திறந்தார். "இந்தத் தடவை கம்பெனிக்காரர் கடைசி நேரத்துல அளந்துக்கிட்டு ரொம்பச் சிரமப்பட்டாராம். உயரத்தை இப்பவே குடுத்துட்டீங்கன்னா வசதி."

மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அது அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். அது சும்மாவே இருந்தது.

உயரத்தைச் சொன்னார்.